ராதாநாத் சிக்தாருக்குச் செலுத்த வேண்டிய கடன்

ஒருவனுடைய நிலத்தை மற்றொருவன் அபகரித்துக்கொண்டால், இழந்தவன் நியாயஸ்தலத்தின் படியேறலாம். கிரயப் பத்திரம் உண்டு. கிராமக் கணக்கு உண்டு. அண்டை வயற்காரனின் சாட்சியம் உண்டு. இவற்றைக் கொண்டு உடைமை யாருடையது என்று நீதிபதி தீர்ப்பளிப்பார். ஆனால் ஒருவனுடைய அறிவின் விளைவை மற்றொருவன் எடுத்துக்கொண்டால், இழந்தவன் எங்கே போவான்? அவன் எழுதியது புத்தகத்தில் அப்படியே இருக்கும். மாணவர்கள் அதைப் படிப்பார்கள். உத்தியோகஸ்தர்கள் அதைக் கொண்டு வேலை செய்வார்கள். பின்வரும் நூலாசிரியர்கள் அதிலிருந்து எடுத்தாளுவார்கள். குறைந்திருப்பது ஒரு பெயர் மாத்திரமே. அந்தப் பெயர் குறைந்திருக்கிறது என்று புத்தகம் தானாக எவரிடமும் சொல்லாது. ஆகவே, களவு நடந்தது என்பதே உலகத்திற்குத் தெரியாமற் போய்விடுகிறது.

நாம் வக்கீல் தொழிலில் பல வருஷங்கள் கழித்தவர்கள். உடைமை வழக்குகள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். ஆயினும் வங்காளத்துக் கணித அறிஞர் ஸ்ரீ ராதாநாத் சிக்தாரின் வழக்கைப் போல் அத்தாட்சி தெளிவாயிருந்தும் வாதி இல்லாமையால் கேட்பாரற்றுப் போன வழக்கை நாம் கண்டதில்லை. எவரெஸ்ட் சிகரத்தோடு சேர்த்து அவர் பெயரை நம் வாசகர்களிற் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தச் சிகரத்தைப் பற்றியும் சொல்வோம். ஆனால் இன்று நாம் முக்கியமாக எடுத்துக்கொள்வது சிகரமன்று. ஒரு புத்தகத்தின் முகவுரையில் இருந்து பின்னர் இல்லாமற்போன சில வரிகள். சிக்தாரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் அந்த வரிகளின் பெறுமானம் விளங்கும்.

ராதாநாத் சிக்தார் 1813-ம் வருஷம் அக்டோபர் மாதம் கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் பகுதியிற் பிறந்தார். ஹிந்து கலாசாலையிற் படித்தார். அக்காலத்தில் அக்கலாசாலையில் டெரோஸியோ என்னும் இளம் உபாத்தியாயர் இருந்தார். எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காதே என்பதே அவர் மாணவர்களுக்குக் கற்பித்த பாடத்தின் சாரம். அவரிடம் பயின்று, பிற்காலத்தில் வங்காளத்தின் சமூக வாழ்விலும் பத்திரிகை உலகிலும் பெயரெடுத்த வாலிபர் கூட்டத்தில் ராதாநாத்தும் ஒருவர். கணிதத்தில் அவருக்குக் குருவாய் அமைந்தவர் டாக்டர் டைட்லர். அவரிடம் நியூட்டனின் பிரின்சிபியா என்னும் அரிய நூலை ராதாநாத் பாடங்கேட்டார். அந்நாளில் நம் தேசத்து வாலிபர் ஒருவர் அந்நூலைக் கையில் எடுப்பதே அபூர்வம்.

அப்பொழுது இந்தியாவின் அளவை இலாகாத் தலைவராயிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட், கோளத் திரிகோண கணிதத்தில் வல்ல ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். டைட்லர் தம் மாணவரைச் சிபார்சு செய்தார். 1831-ம் வருஷம் டிசம்பர் மாதம் ராதாநாத் கணக்கராக உத்தியோகத்தில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அவர் சேர்ந்த வேலைக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் அந்த மகத்தான முயற்சி 1802-ம் வருஷம் பரங்கிமலையின் அடியிலேதான் தொடங்கிற்று. கர்னல் லாம்ப்டன் அங்கே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அளவை வடக்கே ஏறிற்று. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றும்பொழுது அவருடைய பெரிய கோணமானி அடிபட்டுப் பழுதானதும் இந்த வேலையின் நடுவிலேதான். பின்னர் இந்த இலாகாவின் கருவிகளைப் பழுதுபார்த்தும் புதிதாகச் செய்தும் கொடுத்துப் புகழ் பெற்ற சையத் மீர் மோசின் உசேன் ஆற்காட்டைச் சேர்ந்தவர். ஆகவே, இமயத்தை அளந்த கோட்டின் மறுமுனை நம் வாசலில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த வேலையிற் கணக்கர் என்றால் வரவு செலவு எழுதுகிறவர் என்று எண்ணிவிடலாகாது. மலையுச்சியிலும் கோபுரத்திலும் நின்று கோணங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது ஒரு பாதி வேலை. அந்த எண்களிலிருந்து உண்மையைப் பிரித்தெடுப்பது மறுபாதி. பூமி உருண்டையாதலால், அதன்மேல் வரைந்த பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரிக்குச் சற்று அதிகப்படும். அந்த அதிகத்தைக் கணக்கிட வேண்டும். காற்றினூடே வரும் ஒளி வளைவதால், தூரத்துச் சிகரம் உள்ளபடியைவிட உயரமாகத் தோன்றும். அந்த வளைவைக் கழிக்க வேண்டும். வெயிலில் இரும்பு நீளும்; அதற்கும் திருத்தம் வேண்டும். இவ்வளவும் கையினாலும் மடக்கை வாய்பாடுகளினாலும் செய்யப்பட்டன. எங்கேயோ ஒரு முக்கோணத்தில் நேர்ந்த சிறு பிழை, அதன்மேல் ஏறும் ஒவ்வொரு முக்கோணத்திலும் தொடர்ந்து செல்லும். இந்த வேலையில் ராதாநாத் சில வருஷங்களுக்குள்ளேயே இலாகாவின் தூணாக ஆகிவிட்டார். அவர் வேறு உத்தியோகத்திற்குப் போக விரும்பியபோது, அவரை விட்டுவிட எவரெஸ்டுக்கு மனம் வரவில்லை. மேலதிகாரியின் சம்மதமின்றி ஓர் இலாகாவிலிருந்து மற்றோர் இலாகாவுக்குச் செல்லலாகாது என்ற நியமத்தைக் காட்டி, அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். அவருடைய தகப்பனாருக்குப் பிள்ளையின் திறமையைப் புகழ்ந்து கடிதமும் எழுதினார். அந்த எவரெஸ்ட் கடுமையான மனிதர். புகழ்ச்சியை அள்ளி வீசுகிறவர் அல்லர்.

ராதாநாத் எத்தகைய மனிதர் என்பதை 1843-ம் வருஷத்துச் சம்பவம் ஒன்று காட்டுகிறது. அவர் அப்பொழுது தேராதூனில் இருந்தார். அங்கிருந்த வான்ஸிட்டார்ட் என்னும் மாஜிஸ்டிரேட், அளவை இலாகாவின் கூலியாட்களைப் பிடித்துத் தம்முடைய மூட்டைகளைச் சுமக்கச் செய்தார். மலைநாட்டில் அக்காலத்தில் இது வழக்கமான கொடுமை. அதிகாரியின் சாமான் வருகிறதென்றால் எதிர்ப்பட்டவன் தோள் கொடுக்க வேண்டும், கூலி கேட்கலாகாது. ராதாநாத் இதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சாமான்களைத் தடுத்து நிறுத்தினார். கறுப்பு நிறத்தவர் ஒருவர், தாமும் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர், ஒரு வெள்ளைக்கார மாஜிஸ்டிரேட்டின் மூட்டைகளைத் தடுப்பது என்றால் அந்நாளில் என்ன அர்த்தம் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. வழக்கு நடந்தது. ராதாநாத்துக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கல்கத்தாவில் ராம்கோபால் கோஷ் நடத்திய பெங்கால் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை அவ்விவரங்களை விரிவாக வெளியிட்டது. அபராதம் கட்டினது உண்மை. ஆனால் ஒருவனுடைய உழைப்பை மற்றொருவன் இலவசமாக எடுத்துக்கொள்ளலாகாது என்பதை ஒரு கணக்கர் தம் கைப்பொருளை இழந்து பதிவு செய்துவிட்டார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் சொல்லப்போவது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

1849-ல் ராதாநாத் பிரதான கணக்கராகக் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. பாரமானியின் அளவுகளை ஒரே உஷ்ண நிலைக்கு மாற்றிக் கணக்கிடும் சூத்திரத்தைத் தாமே வகுத்துக்கொண்டு அவ்வேலையை ஒழுங்குபடுத்தினார்.

இக்காலத்திலேதான் நம் வழக்கின் மூலப் பத்திரம் பிறந்தது. 1851-ல் இந்தியாவுக்குரிய அளவை நூல் என்னும் பெரிய புத்தகம் கல்கத்தாவில் வெளியாயிற்று. தொகுத்தவர்கள் துயிலியர், ஸ்மைத் என்னும் இரண்டு ராணுவ அதிகாரிகள். இந்தியா எங்கும் நிலமளக்கும் உத்தியோகஸ்தர்களுக்கு அதுவே வழிகாட்டி. அந்நூலின் முகவுரையில் தொகுப்பாசிரியர்கள் தங்கள் கடப்பாட்டை மறைக்காமல் எழுதினார்கள். மூன்றாம் பாகத்திலும் ஐந்தாம் பாகத்திலும் ராதாநாத் சிக்தார் மிகுந்த உதவி செய்தார் என்று கூறினார்கள். அவ்வளவோடு நிற்கவில்லை. மூன்றாம் பாகத்தில் 15-ம் அத்தியாயம், 17 முதல் 21 வரையுள்ள அத்தியாயங்கள், 26-ம் அத்தியாயம், இவற்றோடு ஐந்தாம் பாகம் முழுவதும் அவருடைய சொந்த வேலையே என்று எண் குறித்துக் காட்டினார்கள். ஐந்தாம் பாகமோ அளவைக்கு வேண்டிய வானசாஸ்திரத்தைப் பற்றியது. நூலிலேயே கடினமான பகுதி. 1855-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதிலும் இந்த ஒப்புதல் இருந்தது.

இதை நாம் தொகுப்பாசிரியர்களுக்குச் சாதகமாகவே சொல்கிறோம். நன்றி என்று பொதுவாக ஒரு சொல் சொல்லி விலகிக்கொள்வது எளிது. எந்த அத்தியாயம் யாருடையது என்று எண்ணிட்டுச் சொல்வதற்கு நேர்மை வேண்டும். 1851-ல் அந்த நேர்மை இருந்தது. எப்படிச் செய்வது நியாயம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை என்பதற்கும் அதுவே அத்தாட்சி.

ராதாநாத் இலாகாவோடு நின்றுவிடவில்லை. 1854-ல் தம் நண்பர் பியாரி சாந்த் மித்திரரோடு சேர்ந்து மாசிக் பத்திரிகா என்னும் மாத சஞ்சிகையைத் தொடங்கினார். பெண்களும் சாதாரண மக்களும் படித்தறியும்படி எளிய வங்காளியில் எழுத வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பண்டித நடையே எழுத்து நடை என்று கருதிய காலத்தில் அது துணிகரமான செயல். வங்காள நாவல் இலக்கியத்தின் ஆரம்ப நூல்களில் ஒன்றான ஆலாலேர் கரேர் துலால் அதிலேதான் தொடர்ந்து வெளிவந்தது. ராதாநாத் கடைசிவரை விவாகம் செய்துகொள்ளவில்லை. 1862-ல் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஜெனரல் அசெம்பிளி கலாசாலையில் கணிதம் கற்பித்தார். இன்று ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜ் என்று விளங்குவது அதுவே. 1864-ல் ஜெர்மானிய நாடான பவேரியாவின் இயற்கை விஞ்ஞான சபை அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றுக் கௌரவித்தது. 1870-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி, சந்திரநாகூரைச் சேர்ந்த கோந்தல்பாராவில் கங்கைக் கரையில் அவர் காலமானார்.

அவர் மறைந்து ஐந்து வருஷங்கள் கழிந்தன. 1875-ல் அளவை நூலின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. ராதாநாத்தின் பெயரும் அவருடைய வேலை இன்னதென்று காட்டிய வரிகளும் முகவுரையிலிருந்து மறைந்துபோயின. அவர் எழுதிய பகுதிகள் மறையவில்லை; அவை நூலில் தங்கியிருந்தன. இரண்டு பதிப்புகளில் எண்ணிட்டு ஒப்புக்கொண்ட கடன் மூன்றாம் பதிப்பில் ரத்தாகிவிட்டது. கடன் கொடுத்தவர் இறந்துவிட்டார் என்பதைத் தவிர, இடையில் அந்தக் கடனைத் தீர்க்கும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அப்பொழுது துயிலியர் யார்? அவர்தாம் இந்தியாவின் சர்வேயர் ஜெனரல். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டவரும் அவரே. பிற்பாடு அந்த எழுத்து காணாமற்போன நூலின் மேல் பெயர் தாங்கியவரும் அவரே.

எல்லா ஆங்கிலேயரும் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. 1876-ல் பிரெண்டு ஆப் இந்தியா பத்திரிகை இச்செயலை வெளிப்படையாகக் கண்டித்தது. மாண்டுபோனவரின் உடைமையைப் பறிப்பதற்கு இது சமானம் என்பது அதன் கருத்து. அந்தப் பத்திரிகை ஆங்கிலேயருடைய பத்திரிகை. அளவைத் தொழிலில் இருந்த ஆங்கிலேயர் சிலரும் இதைக் குற்றமென்றே கூறினார்கள். எனவே, இது நாம் இன்றைய மனப்பான்மையைக் கொண்டு பழைய காலத்தின்மேற் சுமத்தும் குற்றச்சாட்டன்று. அந்தக் காலத்திலேயே, அந்த இனத்தவராலேயே, அந்தத் தொழிலறிந்தவர்களாலேயே குற்றம் என்று உணரப்பட்டது.

இனி, சிகரத்தின் கதைக்கு வருவோம். 1849-லும் 1850-லும் வட பீஹாரின் சமவெளியிலிருந்து, நூறு மைலுக்கு அப்பால், ஒரு சிகரத்தின் கோணங்கள் எடுக்கப்பட்டன. அதற்கு இட்ட அடையாளம் பதினைந்தாம் எண் சிகரம். கணக்குகள் நடந்து, 1852-ஐ ஒட்டி அதுவே உலகத்தில் உயர்ந்தது என்று தெரியவந்தது. எவரெஸ்டுக்குப் பின் வந்த சர்வேயர் ஜெனரலான ஆண்ட்ரூ வா 1856-ல் அதன் உயரம் 29,002 அடி என்று வெளியிட்டார். 2020-ல் நேபாளமும் சீனமும் சேர்ந்து வெளியிட்ட உயரம் 8,848.86 மீட்டர். இரண்டிற்கும் உள்ள பேதம் ஏறக்குறைய முப்பது அடி. நூறு மைலுக்கு அப்பாலிருந்து, பேனாவும் வாய்பாடும் கொண்டு செய்த கணக்கு அது. அச்சிகரத்திற்குத் திபெத்தியர் சோமோலுங்மா என்று பெயர் வழங்கிவந்தனர். வாவோ தம் முன்னவரின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயரை இந்நாட்டு ஜனங்கள் உச்சரிக்கவும் எழுதவும் முடியாது என்று எவரெஸ்டே ஆட்சேபித்தார். ஆயினும் 1865-ல் லண்டன் பூகோள சங்கம் அதையே நிலைநாட்டிவிட்டது.

ராதாநாத் தம் அதிகாரியின் அறைக்குள் ஓடிச்சென்று, உலகத்தின் உயர்ந்த சிகரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கேட்க உற்சாகமூட்டுவதுதான். ஆனால் வக்கீலின் கண்ணால் அதைப் பார்க்கும்போது நமக்குத் தயக்கம் ஏற்படுகிறது. 1904-ல் பர்ரார்டு என்னும் அளவை அதிகாரி நேச்சர் சஞ்சிகையில் எழுதியபோது, கல்கத்தாப் பிரதான கணக்கர் இச்செய்தியை வாவுக்குத் தெரிவித்ததாகக் குறிப்பிட்டார். அப்பதவியில் அப்போது இருந்தவர் ராதாநாத். பின்னர் இலாகாவின் பழைய தஸ்தாவேஜுகளையெல்லாம் திரட்டிச் சரித்திரம் எழுதிய பிலிமோர், சிகரக் கணக்குகள் தேராதூன் காரியாலயத்தில் நடந்தவை என்றும், ராதாநாத் 1849-லேயே கல்கத்தா சென்றுவிட்டார் என்றும் எடுத்துக்காட்டினார். இரண்டையும் சீர்தூக்கினால், அந்தச் சிகரத்தின் உயரம் ஒரு தனி மனிதரின் கண்டுபிடிப்பன்று என்றே கொள்ள வேண்டும். கோணம் எடுத்தவர்கள், கருவி சுமந்தவர்கள், பல வருஷங்கள் கணக்கு முறைகளைச் செம்மைப்படுத்தியவர்கள், கடைசியில் கூட்டிக் கழித்தவர்கள் என்று பலர் அதில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு முறைகளைச் செம்மைப்படுத்தியவர்களில் ராதாநாத் முன்னணியில் நிற்பவர். அவ்வளவு சொல்வது போதும், அவ்வளவும் உண்மை.

இதைச் சொல்வதனால் நம் தேசாபிமானிகள் சிலருக்கு மனவருத்தம் உண்டாகலாம். சிகரத்தையே நமக்கு உரிமையாக்கிக் கொள்ளாமல், ஒரு புத்தகத்தின் ஏழு அத்தியாயங்களோடும் ஒரு பாகத்தோடும் திருப்தியடைவதா என்று கேட்கலாம். அவர்களுக்கு நாம் பணிவுடன் சொல்வது இது. பத்து நல்ல சாட்சிகளை ஒரு பொய்ச்சாட்சி கெடுத்துவிடும். சிகரத்தைப் பற்றிய உரிமையில் எதிர்க்கட்சிக்காரனுக்கு வாதம் உண்டு. அதை நாம் மிகைப்படுத்திப் பேசினால், அவன் அந்த ஓட்டையில் நுழைந்து, முழு வழக்கையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவான். முகவுரையைப் பற்றிய உரிமையிலோ எதிர்வாதமே இல்லை. பிரதிவாதியின் கையெழுத்தே நம் பத்திரம். 1851-ம் வருஷத்துப் புத்தகத்தையும் 1875-ம் வருஷத்துப் புத்தகத்தையும் மேஜையின்மேல் பக்கத்தில் பக்கமாக வைத்தால் போதும். தவிரவும், பிறருக்குரிய பெயரை எடுத்து ராதாநாத்துக்குச் சூட்டினால், அவருக்கு இழைத்த அநீதியையே நாமும் வேறொருவருக்கு இழைத்தவர்களாவோம்.

ஒரு பெயரை நீக்குவதால் என்ன குடி முழுகிப் போகிறது என்று எண்ணுவோரும் உண்டு. அவர்கள் அது வேலை செய்யும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அறிவு நூல்களெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக எழுகின்றன. பின்வருகிறவன் முன்னவனின் நூலைப் பார்த்து, அதன் அட்டையில் உள்ள பெயரைத் தன் அடிக்குறிப்பில் எழுதிக்கொள்கிறான். அவனுக்குப் பின்வருகிறவன் அந்த அடிக்குறிப்பைப் பார்த்து எழுதுகிறான். 1875-ம் வருஷத்துப் பதிப்பைக் கையாண்ட ஒருவன் யோக்கியனாகவே இருந்தாலும், சிக்தாரின் பெயரை அவன் எப்படி எழுதுவான்? அவன் முன்னிருப்பதில் அது இல்லையே! முதலில் நீக்கினவன் ஒருவன். அதன்பின் யாரும் குற்றம் செய்யாமலே குற்றம் வளர்கிறது. இரண்டு தலைமுறைக்குப் பின், வெள்ளையரல்லாதவர்கள் இத்துறையில் என்ன செய்துவிட்டார்கள் என்று ஒரு கேள்வி பிறக்கிறது. கேட்பவன் மனமறிந்து பொய் சொல்வதில்லை. அவன் படித்த புத்தகங்களிலே அவர்கள் பெயர் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு, நம் பிள்ளைகளும் அதை நம்பத் தொடங்குகிறார்கள். நாமே கலாசாலையில் படித்த காலத்தில், கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஒரு நூற்றாண்டு முழுவதும் இந்தியர் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்ற எண்ணத்தோடேதான் பரீட்சை எழுதினோம். அப்படி ஒருவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. புத்தகங்களின் மௌனமே அதைக் கற்பித்தது.

இது பழங்கதையுமன்று. ஓர் அறிஞரின் நூலைப் பிறர் எத்தனை இடங்களில் எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதைக் கொண்டே இன்று உலகத்துச் சர்வகலாசாலைகள் அவருடைய மதிப்பைக் கணக்கிடுகின்றன. அதைக் கொண்டே உத்தியோகமும் ஆராய்ச்சிப் பணமும் கிடைக்கின்றன. கறுப்பரும் ஆசியரும் ஆப்பிரிக்கரும் செய்த ஆராய்ச்சியைப் படித்துப் பயன்பெற்றுவிட்டு, எடுத்துக்காட்டும்போது பிரபலமான வெள்ளையர் ஒருவரின் பெயரை மட்டும் எழுதும் பழக்கம் நியாயமா என்ற கேள்வி இப்போது அங்கே எழுந்திருக்கிறது. சலுகை வேண்டும் என்பதன்று அந்தக் கேள்வியின் பொருள். தகுதியில்லாதவர்களுக்குப் பெயர் கொடுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. வேலை செய்தவன் பெயரை வேலையோடு சேர்த்து எழுதுங்கள் என்பதே கோரிக்கை. 1851-ல் இரண்டு ராணுவ அதிகாரிகளுக்கு இது விளங்கியிருந்ததென்றால், இன்றைய பண்டிதர்களுக்கு விளங்காமற்போவதற்கு முகாந்தரம் இல்லை.

அந்நிய ஆட்சி 1947-ல் நீங்கிற்று. 2004-ல் நம் தபால் இலாகா ராதாநாத்தின் உருவம் தாங்கிய முத்திரையை வெளியிட்டது. மகா அளவையின் இருநூறாவது ஆண்டை ஒட்டி, திபெத்தை அளந்த நயன் சிங்கையும் அவரையும் அவ்வாறு கௌரவித்தார்கள். நாம் மகிழ்ச்சியடைகிறோம். ஆனால் முத்திரை ஒட்டுவதோடு கடன் தீர்ந்துவிட்டதென்று நாம் கருதவில்லை. பிறர் நமக்குச் செய்ததைக் கண்டிக்கும் நாம், நம்மவருக்கு நாம் செய்வது என்ன என்றும் பார்க்க வேண்டாமா? மாணவன் இரவும் பகலும் தேடிக் கண்டதை ஆசிரியர் தம் பெயரில் அச்சிடுவது நம் சர்வகலாசாலைகளில் இல்லையா? மொழிபெயர்த்தவன் பெயரின்றி மொழிபெயர்ப்பு வெளிவருவது இல்லையா? ஊர் ஊராய்ச் சுற்றி ஒருவர் படியெடுத்த கல்வெட்டை, வீட்டில் உட்கார்ந்து மற்றொருவர் தம் கண்டுபிடிப்பாக எழுதுவது இல்லையா? பத்திரிகையாளராகிய நாமும் இதில் நிரபராதிகள் அல்லோம். சிறு ஊர் நிருபர் அனுப்பிய செய்தியைச் சற்றே திருத்தி, அவர் பெயரை எடுத்துவிட்டுப் பிரசுரித்த நாட்கள் நமக்கும் உண்டு. அன்று அது குற்றமாக நமக்குத் தோன்றவில்லை. துயிலியருக்கும் தோன்றியிராது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணமும் உண்டு. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயர்களை முகவுரையில் ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். ஓர் ஏடு எந்த ஊரில் யாரிடமிருந்து வந்தது என்பதை இன்றும் நாம் அறிய முடிகிறது. அதனால் அவருடைய பெருமை குறையவில்லை. பிறர் பெயரைச் சொன்னால் தம் பெயர் சிறுத்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைப் பார்த்துத் தெளியலாம்.

தேராதூனில் 1843-ல் நடந்ததை மறுபடியும் நினைத்துப் பார்ப்போம். கூலியாட்களின் தோளைக் கூலியின்றி ஓர் அதிகாரி எடுத்துக்கொண்டபோது, ராதாநாத் குறுக்கே நின்றார். அந்தக் கூலியாட்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர்களுக்காக ஒருவர் இருந்தார். 1875-ல் ராதாநாத்தின் மூளையைப் பெயரின்றி எடுத்துக்கொண்டபோது அவர் உயிரோடில்லை; மனைவி மக்கள் இல்லை; அவருக்காக ஒரு பத்திரிகையும் சில அயலாரும் குரல் கொடுத்தார்கள். அந்த வழக்கை இன்று நடத்த வேண்டியவர்கள் நாம். நம் அளவைப் பள்ளிகளிலும் பொறியியற் கலாசாலைகளிலும் அந்தப் பழைய நூலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சிக்தாரின் பெயரும் உடன் வரவேண்டும். நூற்சாலைப் பட்டியல்களில் 1875-ம் வருஷத்துப் பதிப்பின் கீழ், முன்னிரண்டு பதிப்புகளில் இருந்த ஒப்புதலைக் குறித்து ஒரு வரி சேர்க்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், கிளர்ச்சியும் வேண்டாம். எழுதுகோல் பிடித்த கையில் நேர்மை இருந்தால் போதும். நம் வாசகர்களில் நூல் எழுதுவோரும், மேடையில் பேசுவோரும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வோரும் பலர். ஒவ்வொருவரும் தம் காகிதத்தில் அடுத்த வரியை எழுதுமுன், இது யாருடைய உழைப்பு என்று ஒரு தரம் தம்மைக் கேட்டுக்கொண்டு, விடையை அந்தக் காகிதத்திலேயே எழுதிவைப்பார்களானால், ராதாநாத் சிக்தாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் ஒரு பங்கு செலுத்தியவர்களாவோம்.